எழுவான்கரையில் ஒரு பிரதி, படுவான்கரையில் ஒரு பிரதி

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை கடலுக்கு இணையாக அது நீண்டு கிடக்கிறது. ஞாயிறு எழும் திசையிலுள்ள கடலோர நிலத்தை எழுவான்கரை என்றும், ஞாயிறு படும் திசையிலுள்ள வயல் நிலத்தைப் படுவான்கரை என்றும் அந்நாட்டு மக்கள் வழங்குவர். கடல் சீறினால் முதலில் துன்புறுவது எழுவான்கரை. மாரி வெள்ளம் பெருகினால் வழிதுண்டிக்கப்பட்டு நிற்பது படுவான்கரை. எழுதிவைத்த ஒன்றைக் காக்க விரும்புவோர், ஒரு பிரதியை ஒரு கரையிலும் மற்றொரு பிரதியை மறு கரையிலும் வைப்பது அறிவுடைமை என்பதை அந்நிலமே உணர்த்துகிறது.

இன்று வாவிக்கரையிலுள்ள ஒரு வாசிகசாலையோ, பழைய மாணவர் சங்கமோ, கோயிற் பரிபாலன சபையோ தனக்கென ஓர் இணையத்தளம் அமைக்க முற்படுமாயின், இரண்டு கேள்விகள் உடனே எழுகின்றன. தளத்தை எவரிடம், எந்த இடத்தில் வைப்பது என்பது முதற் கேள்வி. தளத்தை நாடி வருவோர் தரும் பெயர், முகவரி, கடவுச்சொல் ஆகியவற்றை எப்படிக் காப்பது என்பது இரண்டாவது கேள்வி. இவை கணினியோடு பிறந்த கேள்விகள் என்று எண்ணுவோர் பலர். ஆனால் மட்டக்களப்பு நாட்டின் ஏடுகளும் பதிவேடுகளும் கடந்து வந்த பாதையை நோக்குமிடத்து, இவ்விரு கேள்விகளும் சில நூற்றாண்டுகளாக அங்கு கேட்கப்பட்டு வந்தவையே என்பது புலனாகும்.

பனையோலை நிலையான பொருளன்று. வெப்பமும் ஈரமும் மிக்க கடலோர நாட்டில் செல்லும் பூச்சியும் அதனை எளிதில் அரித்துவிடும். அதனாலேயே முன்னோர் ஓலையைப் பதப்படுத்தி, எழுத்தாணியாற் கீறி, மையூட்டி, துணியிற் சுற்றி, புகை படும் பரணில் வைத்தனர். எனினும் அவர்கள் முழு நம்பிக்கை வைத்தது பரணின்மீதன்று, பெயர்த்தெழுதும் வழக்கத்தின்மீதே. ஓர் ஏடு நைந்துபோவதற்கு முன் அதனைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதப்படும். ஓலை அழியும், எழுதப்பட்டது அழியாது. பழந்தமிழ் நூல்கள் இன்று கைக்குக் கிடைப்பதற்கு இந்தத் தொடர்ச்சியான உழைப்பே காரணம்.

மட்டக்களப்பு மான்மியம் இதற்குத் தக்க சான்றாகும். அந்நாட்டின் அரசு வழி, குடி வரிசை, கோயில் முறைமை ஆகியவற்றைக் கூறும் அந்நூலை எஃப். எக்ஸ். சி. நடராசா 1962ஆம் ஆண்டில் பதிப்பித்து அச்சேற்றினார். அதுவரை அச்செய்திகள் ஓலை ஏடுகளிலும் கைப்பிரதிகளிலுமே வாழ்ந்து வந்தன. கைமாறிக் கைமாறி எழுதப்பட்டமையால் ஏட்டுக்கு ஏடு வேறுபாடுகள் தோன்றியதும் உண்டு. வரலாற்றாசிரியருக்கு அது தொல்லையே. ஆயினும் ஒரே ஏடு ஒரே வீட்டில் மட்டும் இருந்து, அவ்வீடு தீப்பற்றியிருந்தால், ஆராய்வதற்கு வேறுபாடுகூட எஞ்சியிராது.

ஏட்டில் எழுதப்பட்டவை எல்லாம் ஒரே தன்மையன அல்ல என்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். புராணமும் கூத்தும் ஊரார் அனைவருக்கும் உரியவை. எத்தனை பேர் பெயர்த்தெழுதினும் நன்மையே. கோயிற் கணக்கும் காணிக் கணக்கும் அவ்வாறல்ல. மட்டக்களப்பு நாட்டுக் கோயில்களில் வண்ணக்கர் எனப்படும் பொறுப்பாளர் இருப்பர். எந்தக் குடிக்கு எந்த உரிமை, யாருக்கு எந்தப் பங்கு என்பன போன்றவை தொடர்பான பொறுப்பு குறிப்பிட்ட சிலரிடம் இருந்தது. நூலுக்குப் பரவல் காப்பு. கணக்குக்கு அடக்கம் காப்பு. இந்த வேற்றுமையை மறவாதிருப்பது, பின்னர் இணையத்தைப் பற்றி ஆராயும்போது பெரிதும் உதவும்.

ஐரோப்பியர் வருகையோடு வேறொரு பதிவு முறை வாவிக்கரையை அடைந்தது. ஒல்லாந்துக் கப்பற்றலைவன் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602ஆம் ஆண்டில் மட்டக்களப்புக் கரையில் இறங்கினான். போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டளவில் புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். 1638ஆம் ஆண்டில் அக்கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றினர். கோட்டை கைமாறியபோதெல்லாம் அதிலிருந்த ஆவணங்களின் கதியும் கைப்பற்றியவர் கையிலேயே இருந்தது.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனியாரிடம் இரண்டு வழக்கங்கள் இருந்தன. கடிதங்களையும் அறிக்கைகளையும் பிரதி செய்து கொழும்புக்கும், அங்கிருந்து பத்தாவியாவுக்கும், ஒல்லாந்து தேசத்துக்கும் அனுப்புவது ஒன்று. கறையானும் போரும் ஓரிடத்தில் அழித்தவை வேறோரிடத்தில் எஞ்சியமைக்கு இதுவே காரணம். கொழும்பு, சென்னை, யகார்த்தா, கேப்டவுன், த ஹேக் ஆகிய நகரங்களிற் காக்கப்படும் அக்கும்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ நிறுவனம் 2003ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டிற் சேர்த்துக்கொண்டது.

பதவி விட்டுச் செல்லும் அதிகாரி, தமக்குப் பின் வருபவருக்கு நாட்டின் நிலையை விரித்தெழுதி ஒப்படைப்பது மற்றொரு வழக்கம். மட்டக்களப்பில் ஒல்லாந்தர் சார்பில் தலைமை வகித்த யாக்கோபு பேர்னாண்ட் 1794ஆம் ஆண்டில் அத்தகைய குறிப்பொன்றை எழுதினார். மட்டக்களப்பு வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அதனை நாடுகின்றனர். அவர் நினைவில் மட்டும் இருந்திருந்தால் அச்செய்திகள் அவருடனேயே கப்பலேறியிருக்கும். ஒருவர் போனபின் மற்றொருவர் தொடர்வதற்கு வேண்டியதை எழுதி ஒப்படைத்தல், காப்பு முறைகளுள் தலையாயது என்பதில் ஐயமில்லை.

ஒல்லாந்தர் காலத்தோடு தோம்பு என்னும் சொல்லும் இலங்கைத் தமிழில் நிலைபெற்றது. அவர்கள் ஆண்ட கரையோரப் பகுதிகளில் காணித் தோம்பும் பாடசாலைத் தோம்பும் எழுதப்பட்டன. யாரிடம் எவ்வளவு நிலம், யார் யாருக்கு மகவு, யார் திருமுழுக்குப் பெற்றவர் என்பவை அவற்றில் இடம்பெற்றன. ஆங்கிலேயர் ஆட்சியில் இது மேலும் விரிந்தது. 1871ஆம் ஆண்டில் இலங்கை முழுவதற்குமான குடிசன மதிப்பு முதன்முறையாக எடுக்கப்பட்டது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளும் காணிப் பதிவுகளும் பெருகின. மட்டக்களப்புக் கோட்டைக்குள்ளேயே கச்சேரி நீண்டகாலம் இயங்கியது.

இவ்வாறு சேர்ந்த பதிவுகளால் விளைந்த நன்மை பெரிது. 1978ஆம் ஆண்டு நவெம்பர் மாதம் 23ஆந் திகதி மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி இரு கரைகளையும் ஒருங்கே சிதைத்தது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் திகதி எழுந்த ஆழிப்பேரலை நாவலடி, கல்லடி முதலிய எழுவான்கரைக் குடியிருப்புகளை வாரிச் சென்றது. உயிர் தப்பியோர் பலரிடம் அடையாள அட்டையோ, பிறப்புச் சாட்சிப் பத்திரமோ, காணி உறுதியோ எஞ்சவில்லை. வீட்டுப் பெட்டியில் இருந்தது போயிற்று. வேறோர் அலுவலகத்தில் மூலப்பதிவு இருந்தவர்களே புதிய பிரதி பெற முடிந்தது. சூறாவளி கற்பித்த பாடம் மேலும் கடினமானது: இரு கரையும் ஒரே நாளில் கெடுதலும் கூடும். ஆகவே மூன்றாவது பிரதி வாவி நாட்டுக்கு அப்பாலே இருத்தல் வேண்டும்.

ஓரிடத்தில் குவித்து வைப்பதன் ஆபத்தை இலங்கைத் தமிழர் 1981ஆம் ஆண்டில் கண்டனர். அவ்வாண்டு மே 31ஆந் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களுட் பலவற்றை மீண்டும் தேடிச் சேர்க்க முடிந்தது. வேறு பிரதியில்லாத ஓலை ஏடுகளையும் கையெழுத்துகளையும் எங்கிருந்து பெறுவது? அந்த வேதனையின் நினைவு, நூல்களை எண்ணிம வடிவிற் காக்கும் முயற்சிகளுக்கு உரமாயிற்று. 2005ஆம் ஆண்டில் தோன்றிய நூலகம் என்னும் இணைய நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பல்லாயிரக்கணக்கில் இணையத்தில் ஏற்றி, எவரும் எங்கிருந்தும் படிக்கச் செய்தது.

ஆனால் பதிவேட்டுக்கு மறுபக்கமும் உண்டு. அழிவது ஒரு கேடு என்றால், கூடாதவர் கையில் அகப்படுவது அதனினும் பெரிய கேடு. தோம்பு எழுதிய ஒல்லாந்தரின் சொந்த நாட்டிலேயே இது நிகழ்ந்தது. நெதர்லாந்தின் குடிமக்கட் பதிவேடு மிகச் சீரானது. ஒருவரின் சமயமும் அதில் இருந்தது. நாசிகள் அந்நாட்டைக் கைப்பற்றியபோது, யூதர்களை வீடு வீடாகத் தேடிப் பிடிக்க அந்தச் சீர்மையே துணையாயிற்று. ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட யூதர் உயிரிழந்தனர். 1943ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி எதிர்ப்பியக்கத்தினர் சிலர் ஆம்ஸ்ரடாமிலுள்ள பதிவகத்துக்குத் தீ வைத்தனர். பதிவுகளில் ஒரு பகுதியே அழிந்தது. அம்முயற்சிக்காகப் பன்னிருவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். பெயர்ப்பட்டியலைக் காப்பதற்காக அன்றி, அதனை அழிப்பதற்காக மனிதர் உயிர் கொடுத்த காலமும் உண்டு.

இலங்கையிலும் அதன் கசப்பு உணரப்பட்டது. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொழும்பில் நிகழ்ந்த வன்செயலில், கும்பல்கள் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிச் சென்றமை பல ஆய்வு நூல்களிற் பதிவாகியுள்ளது. வாக்குரிமைக்காக எழுதப்பட்ட பெயர் வேறொரு நோக்கத்துக்குப் பயன்பட்டது. ஒரு நோக்கத்துக்காகப் பெற்ற விபரத்தை மற்றொரு நோக்கத்துக்கு இட்டுச் செல்லலாகாது என்னும் நெறி எத்துணைப் பெரியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

இந்த வரலாற்றை மனத்திற் கொண்டு இணையத்தளத்தை நோக்கலாம். உலகின் முதலாவது இணையத்தளம் 1991ஆம் ஆண்டில் சுவிற்சர்லாந்தின் எல்லையிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்திற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. தளம் என்பது வானத்தில் மிதப்பதன்று. எங்கோ ஒரு கட்டடத்தில், இரவும் பகலும் மின்சாரத்தில் இயங்கும் ஒரு கணினியில் அது வாழ்கிறது. அக்கணினியைச் சேர்வர் என்றும், அதில் இடம் வாடகைக்குக் கொடுத்தலை ஹோஸ்டிங் என்றும் கூறுவர். பலரோடு ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்வது விடுதியில் ஓர் அறை எடுப்பது போன்றது. செலவு குறைவு, பராமரிப்பு விடுதிக்காரருடையது. தனிப் பகுதியொன்றை எடுப்பது தனி வீடு போன்றது. சுதந்திரம் மிகுதி, பூட்டும் திறப்பும் குடியிருப்பவர் பொறுப்பு. புதிதாகத் தொடங்கும் சிறு சங்கத்துக்கு, பூட்டைப் பராமரிக்க அறிந்தவர் இல்லாதவிடத்து, விடுதி அறையே தக்கது.

இலவசமாகக் கிடைக்கும் இடத்தைப் பற்றியும் வரலாறு ஒரு செய்தி கூறும். 1994ஆம் ஆண்டில் தொடங்கிய ஜியோசிற்றீஸ் என்னும் சேவை இலட்சக்கணக்கானோருக்கு இணையத்தில் இலவச இடம் கொடுத்தது. 1999ஆம் ஆண்டில் யாகூ நிறுவனம் அதனை வாங்கியது. 2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் மூடியது. தன்னார்வலர் சிலர் விரைந்து பிரதி எடுத்தவை ஓரளவு பிழைத்தன. பிறர் நிலத்தில் வாடகையின்றிக் குடியிருப்பவர், எழும்பிப் போகச் சொல்லும் நாளுக்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். எனவே தளத்தின் பெயர் மட்டுமேனும் சங்கத்துக்கே உரியதாகப் பதிவு செய்யப்படல் நன்று. இலங்கைக்குரிய எல்.கே. என்னும் ஈற்றுப் பெயரோடு, 2010ஆம் ஆண்டு முதல் 'இலங்கை' எனத் தமிழில் முடியும் பெயரும் உண்டு. பெயர் சங்கத்திடம் இருக்குமாயின், விடுதி மாறினும் முகவரி மாறாது. சங்கத்துக்காக ஆர்வமுள்ள ஓர் இளைஞர் தம் சொந்தப் பெயரில் அதனைப் பதிந்துவிட்டு வெளிநாடு சென்றுவிட்டால் என்னாகும்? பேர்னாண்ட் எழுதியது போன்ற ஒப்படைப்புக் குறிப்பு இங்கேதான் வேண்டும்: பெயர் எங்கே பதியப்பட்டது, எந்நாளில் கட்டணம் செலுத்தல் வேண்டும், பிரதிகள் எங்கே உள்ளன, திறப்பு யாரிடம் உள்ளது என்பவை எழுத்தில் இருத்தல் வேண்டும்.

கட்டணம் வாங்கும் பெரிய நிறுவனத்திடம் வைத்தால் அச்சமில்லை என்று கருதுவதும் பொருந்தாது. 2021ஆம் ஆண்டு மார்ச் 10ஆந் திகதி பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையமொன்று தீக்கிரையாயிற்று. எண்ணற்ற தளங்கள் நின்றன. காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தோர் சிலர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர். 2023ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவையைக் கப்பம் கோரும் தீநிரல் தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்படப் பல அலுவலகங்கள் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்களை இழந்தன. அக்காலத்துக்கு உரிய காப்புப் பிரதி இல்லாமையே காரணம். செல்லும் தீயும் மாத்திரமே ஏட்டுக்குப் பகையாயிருந்த காலம் போய்விட்டது.

இதற்கு மருந்து பழைய மருந்தே. மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேற்றிடத்தில் என்னும் விதியை அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோக் இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பரவச் செய்தார். வாவிக்கரை மொழியிற் கூறின், வாடகைக் கணினியில் ஒன்று, எழுவான்கரையில் ஒன்று, படுவான்கரையில் ஒன்று எனலாம். வாடகைக் கணினி கொழும்பிலோ, மும்பாயிலோ, சிங்கப்பூரிலோ இருக்குமாயின், சூறாவளி எட்டாத மூன்றாம் கரை அதுவே ஆகிறது. ஆயினும் எடுத்த பிரதியை ஆண்டுக்குச் சில முறையேனும் திறந்து, தளம் மீண்டும் எழுகிறதா எனச் சோதித்தல் வேண்டும். படிக்க இயலாத ஏடு பரணில் இருந்தும் பயனில்லை.

இனி, வருவோர் தரும் விபரங்களைக் காக்கும் கேள்வி. இங்கே முன்னர் கூறிய வேற்றுமை முன்வந்து நிற்கிறது. ஊர் வரலாற்றையும் பழைய புகைப்படத்தையும் எத்தனை பிரதி எடுத்தாலும் தீங்கில்லை. ஆனால் உறுப்பினர் பெயரும் தொலைபேசி இலக்கமும் அடங்கிய கோப்பின் ஒவ்வொரு பிரதியும் திருடனுக்குத் திறந்த ஒவ்வொரு கதவாகும். எனவே அத்தகைய பிரதிகள் மறையீடு செய்யப்பட்டு, பொறுப்புள்ள இருவர் மூவரிடம் மட்டுமே இருத்தல் தகும்.

கடவுச்சொல்லைக் காக்கும் கலைக்கும் வரலாறு உண்டு. றொபேட் மொரிஸ், கென் தொம்சன் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று அதன் அடிப்படையை விளக்கியது. கடவுச்சொல்லை உள்ளபடியே எழுதி வைக்கலாகாது. அதனை மீட்க முடியாத உருவுக்கு மாற்றியே வைத்தல் வேண்டும். நெல்லை மாவாக்கியபின் மாவிலிருந்து நெல்லைப் பெற முடியாது. ஆனால் அதே நெல்லை அதே முறையில் மீண்டும் அரைத்தால் அதே மாவு கிடைக்கும். வருபவர் தரும் சொல்லை அவ்வாறே அரைத்து, முன்னிருந்த மாவோடு ஒப்புநோக்கினாற் போதும். இருவர் ஒரே சொல்லைத் தெரிந்துகொண்டாலும் மாவு ஒன்றாகாதபடி, ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு சிறு கலப்பொன்றையும் சேர்ப்பர். அக்கலப்புக்கு ஆங்கிலத்தில் உப்பு என்றே பெயர். இதனைப் புறக்கணித்த றொக்யூ என்னும் நிறுவனத்திடமிருந்து 2009ஆம் ஆண்டில் 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் உள்ளபடியே களவு போயின. தொடக்கக்காரர் இம்முறையைத் தாமே புதிதாக இயற்ற முயலாமல், அறிஞர் பலர் சோதித்த மென்பொருளைப் பயன்படுத்துவதே பாதுகாப்பானது.

இலங்கைச் சட்டமும் இத்துறையில் அடியெடுத்து வைத்துள்ளது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்காக மட்டுமே விபரம் பெறப்படல் வேண்டும், நோக்கத்துக்கு வேண்டிய அளவே பெறப்படல் வேண்டும், வேண்டிய காலம் வரையே வைத்திருத்தல் வேண்டும் என்னும் நெறிகளை வகுத்தது. சட்டத்தின் சொல்லுக்குப் பின்னே ஆம்ஸ்ரடாமின் அட்டைகளும் கொழும்பின் இடாப்புகளும் நிற்பதை வரலாறு அறிந்தோர் காண்பர். வாசிகசாலையின் செய்தியை மாதந்தோறும் அனுப்புவதற்கு மின்னஞ்சல் முகவரி ஒன்று போதும். தேசிய அடையாள அட்டை இலக்கம் எதற்கு? பிறந்த திகதி எதற்கு? சமயம் எதற்கு? கேளாத விபரம் களவு போவதில்லை. எழுதாத பெயரை எந்தக் கும்பலும் வாசிப்பதில்லை. விபரம் எதனையும் கேளாத வெறும் வாசிப்புத் தளமாகத் தொடங்கி, தேவை வந்தபின் சிறிது சிறிதாக விரிப்பதே சிறு சங்கங்களுக்கு ஏற்ற வழி.

மட்டக்களப்பு நாட்டின் முன்னோர் ஏட்டைப் பெயர்த்தெழுதினர். கணக்கைப் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தனர். முதலாவது செயல், எழுதியது அழியலாகாது என்னும் கவலையிற் பிறந்தது. இரண்டாவது செயல், எழுதப்பட்டவருக்குத் தீங்கு வரலாகாது என்னும் பொறுப்பிற் பிறந்தது. இணையத்தளம் அமைக்க முற்படும் இளைஞருக்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும். ஊரின் வரலாற்றை மூன்று கரைகளிற் பரப்புக. ஊராரின் பெயரை ஒரு பெட்டிக்குள் அடக்குக.